பவுச்சுக்குள்ள இருக்குற தண்ணிய கழிச்சுட்டு பாருங்க

என் தங்கச்சி முதல் தடவையா ஒரு பூனைக்குட்டி வளக்குறா, பேரு பொட்டு, ஏழு மாசம் ஆகுது. போன வாரம் ராத்திரி ரெண்டு போட்டோ அனுப்பிட்டு உடனே போன் பண்ணிட்டா. ஒண்ணு ட்ரை ஃபுட் பாக்கெட்டோட பின்பக்கம், இன்னொண்ணு வெட் ஃபுட் பவுச்சோட பின்பக்கம். "அக்கா, ட்ரைல ப்ரோட்டீன் 32 பர்சன்ட் போட்டிருக்கு, இந்த பவுச்ல வெறும் 9 தான் இருக்கு, நல்லதுன்னு நினைச்சு இதத்தானே தினம் ராத்திரி குடுத்துட்டு இருக்கேன், குட்டி ஒழுங்கா வளருமா?"ன்னு கேக்குறா, குரல்லயே பதட்டம் தெரியுது.

வெட் ஃபுட் வாங்குற எல்லாருக்கும் முதல்ல வர்ற சந்தேகம் இதுதான். அந்த 9-ம் பொய் இல்ல, 32-ம் பொய் இல்ல, ஆனா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கவே கூடாது. ஏன்னா பவுச்ல இருக்குறதுல முக்காவாசிக்கு மேல வெறும் தண்ணி. ட்ரை ஃபுட்ல தண்ணி 10 பர்சன்ட் பக்கம்தான் இருக்கும், வெட் ஃபுட்ல 75-ல இருந்து 85 வரைக்கும் போகும். இந்த ஒரு விஷயத்த மனசுல வச்சுக்கிட்டீங்கன்னா லேபிள்ல இருக்குற பாதி குழப்பம் தானா தீந்துடும், ப்ரோட்டீன் நம்பர், இன்க்ரீடியன்ட் வரிசை, கலோரி, அதுல ஏன் கோந்து சேக்குறாங்கங்குறது வரைக்கும் எல்லாத்துலயும் இந்த தண்ணிதான் நடுவுல நிக்குது.

கணக்கு ரொம்ப சின்னது. லேபிள்ல மாய்ஸ்சர்னு ஒரு நம்பர் இருக்கும், அத 100-ல இருந்து கழிங்க, மிச்சம் வர்றதுதான் தண்ணி இல்லாத சாப்பாடு, இத ட்ரை மேட்டர்னு சொல்வாங்க. ப்ரோட்டீன் நம்பர அந்த மிச்சத்தால வகுத்து 100-ஆல பெருக்குனா உண்மையான ப்ரோட்டீன் பங்கு வந்துடும். தங்கச்சி அனுப்புன பவுச்ல ப்ரோட்டீன் 9, ஃபேட் 3, ஃபைபர் 1, மாய்ஸ்சர் 82. அப்போ 100-ல 82 போனா மிச்சம் 18. அந்த 18-ல 9 ப்ரோட்டீன், அதாவது சரிபாதி, 50 பர்சன்ட். ட்ரை பாக்கெட்ல மாய்ஸ்சர் 10, மிச்சம் 90, அதுல 32-ன்னா 35 சொச்சம்தான் வருது. அவ பயந்ததுக்கு நேர்மாறா பவுச்லதான் ப்ரோட்டீன் பங்கு அதிகம்.

இதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு, ரெண்டு வெட் ஃபுட்ட ஒப்பிடும்போது கூட இந்த கணக்கு போட்டே ஆகணும். ரெண்டு கேன்லயும் ப்ரோட்டீன் 8-ன்னு ஒரே மாதிரி போட்டிருக்குன்னு வைங்க, ஒண்ணுல மாய்ஸ்சர் 78, இன்னொண்ணுல 86. பாக்க எட்டு பர்சன்ட் வித்தியாசம்தானேன்னு தோணும், ஆனா முதல் கேன்ல மிச்சம் 22, ரெண்டாவதுல 14, அதனால ட்ரை மேட்டர்ல முதல்ல 36 ப்ரோட்டீன், ரெண்டாவதுல 57. தண்ணி கொஞ்சம் கூடுனாலே மிச்சம் இருக்குற பங்கு தடாலடியா மாறிடும். அதனால மாய்ஸ்சர பாக்காம ப்ரோட்டீன் நம்பர மட்டும் பாத்தா எந்த முடிவும் எடுக்க முடியாது.

கார்ப்ஸ், அதாவது மாவுச்சத்து, எவ்வளவுன்னு பெரும்பாலும் லேபிள்ல போடவே மாட்டாங்க, அதையும் கழிச்சுத்தான் கண்டுபிடிக்கணும். 100-ல இருந்து ப்ரோட்டீன், ஃபேட், ஃபைபர், மாய்ஸ்சர், ஆஷ் எல்லாத்தையும் கழிச்சா மிச்சம் கார்ப்ஸ். ஆஷ்னா யாரோ சாம்பல் கலந்துட்டாங்கன்னு நினைக்காதீங்க, சாப்பாட்ட முழுசா எரிச்சா மிஞ்சுற கனிமங்கள்தான் அது, கால்சியம், பாஸ்பரஸ் மாதிரி. போடலன்னா வெட் ஃபுட்டுக்கு 2-ன்னு வச்சுக்கலாம். நம்ம பவுச்ல 9, 3, 1, 82, 2 கழிச்சா 3 மிஞ்சுது, 18-ல 3-ன்னா 17 பர்சன்ட் பக்கம். ட்ரை ஃபுட்ல இது பல நேரம் 30, 40-க்கு போகும், உருண்டை உருண்டையா நிக்குறதுக்கு அதுக்கு மாவுச்சத்து தேவைப்படுது.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, பல லேபிள்ல ப்ரோட்டீனுக்கும் ஃபேட்டுக்கும் போட்டிருக்கிறது குறைஞ்சபட்சம், ஃபைபருக்கும் மாய்ஸ்சருக்கும் போட்டிருக்கிறது அதிகபட்சம். அதாவது இதுக்கு கீழ போகாது, இதுக்கு மேல போகாதுன்னு ஒரு உத்தரவாதம், அவ்வளவுதான். உள்ள நிஜமா 3 ஃபேட்டுக்கு பதிலா 4 கூட இருக்கலாம். அதனால நம்ம கணக்கு ஒரு தோராயம்னு எடுத்துக்கணும், ஒரு பர்சன்ட் ரெண்டு பர்சன்ட்டுக்கு மண்டைய உடைச்சுக்க வேணாம். கம்பெனிகிட்ட கேட்டா சராசரி அளவு தருவாங்க, அது இன்னும் துல்லியமா இருக்கும்.

சரி 50-ன்னு வந்துச்சு, அது நல்லதா போதாதான்னு எதோட வச்சு பாக்குறது? அமெரிக்காவுல ஆஃப்கோன்னு ஒரு அமைப்பு இருக்கு, விலங்குத் தீவனத்துக்கான விதிமுறைகளோட மாதிரிய எழுதுறது அவங்கதான். அவங்க அளவுப்படி ட்ரை மேட்டர்ல வளந்த பூனைக்கு குறைஞ்சது 26 பர்சன்ட் ப்ரோட்டீன், குட்டிக்கு 30. வளந்த நாய்க்கு 18, நாய்க்குட்டிக்கு 22.5. ஃபேட் பூனைக்கு 9, வளந்த நாய்க்கு 5.5, நாய்க்குட்டிக்கு 8.5. இதெல்லாம் அடிமட்ட அளவு, இதுக்கு கீழ போகக்கூடாதுன்னு அர்த்தம், இதுதான் சிறந்த அளவுன்னு அர்த்தம் இல்ல. ஃபேட்ட மட்டும் மேல் பக்கமும் கவனிங்க, லேபிள்ல 6-ன்னு போட்டிருந்தா சின்னதா தெரியும், மாய்ஸ்சர் 80-ஆ இருந்தா அது ட்ரை மேட்டர்ல 30 பர்சன்ட், ஏற்கனவே கணையத்துல வீக்கம் வந்த நாய்க்கு அது ரொம்ப அதிகம்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். ப்ரோட்டீன் 50 பர்சன்ட்னு கணக்கு சொல்லுது, ஆனா எந்த ப்ரோட்டீன்னு அந்த நம்பர் சொல்லாது. லேபிள்ல "க்ரூட் ப்ரோட்டீன்"னு போட்டிருப்பாங்க, அந்த க்ரூட்ங்குற வார்த்தைக்கு காரணம் இருக்கு. லேப்ல ப்ரோட்டீன நேரா அளக்குறது இல்ல, சாப்பாட்டுல எவ்வளவு நைட்ரஜன் இருக்குன்னு பாத்து அத 6.25-ஆல பெருக்கி ப்ரோட்டீன்னு எழுதுறாங்க, ப்ரோட்டீன்ல சராசரியா 16 பர்சன்ட் நைட்ரஜன் இருக்கும்ங்குற அடிப்படையில. 1883-ல டென்மார்க் கெமிஸ்ட் யோஹான் கெல்டால் கொண்டுவந்த முறைல இருந்து வர்ற வழக்கம் இது. பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும், ஆனா நைட்ரஜன் எங்க இருந்து வந்துச்சுன்னு அந்த டெஸ்ட்டுக்கு தெரியாது.

2007-ல இதனாலதான் பெரிய கொடுமை நடந்துச்சு. மார்ச் மாசம் மெனு ஃபுட்ஸ்ங்குற கம்பெனி பல பிராண்டுகளுக்கு தயாரிச்ச சுமார் 6 கோடி கேனையும் பவுச்சையும் வட அமெரிக்காவுல திரும்ப வாங்க வேண்டியதா போச்சு, எல்லாமே வெட் ஃபுட், நல்லா இருந்த பூனைங்களும் நாய்ங்களும் சாப்பிட்ட கொஞ்ச நாள்ல கிட்னி போய் செத்துப்போச்சு. தேடிப் பாத்தா சீனாவுல இருந்து வந்த கோதுமை க்ளூட்டன்ல, அதாவது கோதுமைல இருந்து பிரிச்சு எடுக்குற ப்ரோட்டீன் பொடில, மெலமைன் கலந்திருந்துச்சு, அது பிளாஸ்டிக் செய்ற கெமிக்கல். பிறகு பாத்தா அது க்ளூட்டன் கூட இல்ல, வெறும் கோதுமை மாவுல மெலமைன கலந்து க்ளூட்டன்னு வித்திருக்காங்க. மெலமைன்ல மூணுல ரெண்டு பங்கு நைட்ரஜன், அதனால ஒரு கிராம் மெலமைன் அந்த டெஸ்ட்ல நாலு கிராம் ப்ரோட்டீன் மாதிரி காட்டும். அதோட சேந்து வந்த சயனூரிக் ஆசிட்டும் அதுவும் ஒண்ணா கிட்னில படிகமா உறைஞ்சு குழாய்ங்கள அடைச்சுடுச்சு. லேபிள்ல நம்பர் அழகா இருந்துச்சு, உள்ள இருந்தது விஷம். எனக்கு இத எப்போ நினைச்சாலும் வயிறு எரியும், நம்ம வச்ச தட்ட நம்பி வந்து சாப்பிட்ட உசுருங்க அதுங்க.

அதுக்கப்புறம் சோதனை முறைங்க கடுமையாச்சு, அதனால இன்னைக்கு எல்லா பவுச்சையும் பயந்து பாக்கணும்னு சொல்ல வரல. நம்பர மட்டும் நம்பாம இன்க்ரீடியன்ட் லிஸ்ட்டையும் சேத்து படிக்கணும்னுதான் சொல்றேன்.

அந்த லிஸ்ட்ட எடை வரிசைல எழுதுவாங்க, எது அதிகமோ அது முதல்ல. ஆனா அந்த எடை சமைக்கிறதுக்கு முன்னாடி, ஈரத்தோட இருக்குற எடை. பச்சை சிக்கன்ல 70 பர்சன்ட் பக்கம் தண்ணி இருக்கும், கோதுமை க்ளூட்டன் காய்ஞ்ச பொடி. அதனால லிஸ்ட்ல சிக்கன் முதல்ல, க்ளூட்டன் மூணாவதுன்னு இருந்தாலும் தண்ணிய எடுத்துட்டா க்ளூட்டன் குடுக்குற ப்ரோட்டீன் சிக்கன் குடுக்குறதுக்கு சமமாவோ மேலயோ கூட இருக்கலாம். 30 கிராம் சிக்கன்ல ப்ரோட்டீன் 6 கிராம் பக்கம் இருக்கும், 8 கிராம் க்ளூட்டன்லயே 6 கிராம் இருக்கும். எங்க தண்ணி ஒளிஞ்சிருக்குன்னு பாக்குறதுதான் இங்கயும் வேலை. சில லிஸ்ட்ல முதல் பேரே தண்ணி இல்லன்னா ப்ராத்துன்னு (கறி, எலும்பு வேக வச்ச தண்ணி) இருக்கும், அது தப்பு இல்ல, நேர்மையா எழுதிருக்காங்கன்னு எடுத்துக்கலாம். ஆனா தண்ணி முதல், அடுத்து கறி, அதுக்கு பின்னாடியே ரெண்டு மூணு மாவு வகை வரிசையா வந்தா நின்னு பாருங்க. அரிசி, அரிசி மாவு, சோள ஸ்டார்ச், உருளை ஸ்டார்ச்னு தனித்தனியா பிரிச்சு எழுதுனா ஒவ்வொண்ணும் சின்னதா தெரிஞ்சு கீழ போயிடும், சேத்து வச்சா கறிய விட மேல வந்துடும்.

க்ரேவில துண்டு துண்டா மிதக்குற வகைல ஒரு வேலை செஞ்சு பாருங்க, நான் புதுசா எது வாங்கினாலும் செய்றது இது. ஒரு துண்ட எடுத்து தண்ணில அலசிட்டு விரலால பிய்க்கணும். நிஜ தசைக்கறின்னா நார் நாரா, இழை இழையா ஒரு பக்கமா பிரியும். அரைச்சு உருவாக்குன துண்டுன்னா ஸ்பாஞ்ச் மாதிரி எந்தப் பக்கம் பிய்ச்சாலும் ஒரே மாதிரி உடையும், ஓரம் வழவழன்னு சதுரமா இருக்கும். கறியையும் உறுப்புகளையும் அரைச்சு, க்ளூட்டன் இல்லன்னா வேற ப்ரோட்டீன் சேத்து, ஆவில வேக வச்சு வெட்டுறது அது. அப்படி செஞ்சதாலயே மோசம்னு ஆகாது, நல்ல பொருள வச்சும் செய்யலாம், கெட்டத வச்சும் செய்யலாம். ஆனா பவுச் மேல பெரிய சிக்கன் துண்டு படம் போட்டிருந்தா அதுக்கும் இதுக்கும் எவ்வளவு தூரம்னு கைல தெரிஞ்சுடும். பேட்டேன்னு சொல்ற மசிச்ச வகைல பொதுவா மாவு குறைவா இருக்கும், க்ரேவி வகைல குழம்பு கெட்டியாகுறதுக்கே ஸ்டார்ச் வேணும்.

பை-ப்ராடக்ட்னு பாத்தாலே முகம் சுளிக்கிறவங்க நிறைய. அது ஈரல், கிட்னி, நுரையீரல், மண்ணீரல் மாதிரி உள்ளுறுப்புங்க. அமெரிக்க விதில முடி, கொம்பு, பல்லு, குளம்பு இதுல சேராது. பூனை எலி புடிச்சா நெஞ்சுக்கறிய மட்டும் வெட்டி எடுத்து சாப்பிடுறதில்ல, முழுசா சாப்பிடுது, ஈரல்ல வைட்டமின் ஏ, இரும்பு, இதயத்துல டாரின்னு சத்து கொட்டிக்கிடக்குறது அங்கதான். அதனால "சிக்கன் ஈரல், சிக்கன் இதயம்"னு பேரோட எழுதிருந்தா நான் சந்தோஷமா வாங்குவேன். பிரச்சனை எங்கன்னா பேரே இல்லாம "மீட் அண்ட் அனிமல் டெரிவேட்டிவ்ஸ்"னு பொத்தாம்பொதுவா எழுதும்போது, எந்த விலங்குன்னே தெரியாது, இந்த மாசம் ஒண்ணு அடுத்த மாசம் ஒண்ணுன்னு மாத்திக்கவும் முடியும். உங்க நாய்க்கு மாட்டுக்கறி ஒத்துக்காதுன்னா அந்த பவுச்ச வச்சுக்கிட்டு என்ன பண்றது?

கோந்து விஷயம் சுருக்கமா. குவார் கம், சாந்தான் கம், காசியா கம், அகர், கேராஜீனன், இதெல்லாம் தண்ணிய பிடிச்சு ஜெல்லியாவோ குழம்பாவோ நிறுத்தி வைக்கத்தான். அளவு ரொம்ப சின்னது. சில பூனை நாய்க்கு மலம் இளகுது, அப்படி ஆனா வேற கோந்து போட்டத மாத்திப் பாருங்க. கேராஜீனன் பத்தி வாதம் ஓடிட்டே இருக்கு, சிதைஞ்ச வடிவம் லேப் விலங்குகளோட குடல புண்ணாக்குதுங்குறது தெரிஞ்சது, சாப்பாட்டுல போடுறது அந்த வடிவம் இல்ல. வயிறு நோஞ்சானா இருக்குற பூனைக்கு நான் தவிர்ப்பேன், மத்ததுக்கு அதனால மட்டும் ஒரு நல்ல கேன ஒதுக்க மாட்டேன். கலர் சேக்குறது மட்டும் முழுக்க நமக்காக, பூனை கலர பாத்து சாப்பிடுறதில்ல.

லிஸ்ட்டோட கடைசில ஒரு பெரிய வால் இருக்கும், ஜிங்க் சல்ஃபேட், தயமின் மோனோநைட்ரேட், கோலின் க்ளோரைடு, டாரின்னு. படிக்க வாய் சுளுக்குற பேரெல்லாம் பாத்து "ஐயோ கெமிக்கல்"னு தள்ளி வச்சுடாதீங்க, அதுதான் அந்த சாப்பாட முழுமையாக்குறது. கேனையும் பவுச்சையும் மூடி சீல் பண்ணின பிறகு 120 டிகிரி பக்கம் சூட்டுல வேக வச்சு கிருமி நீக்குறாங்க, அதனாலதான் அது பிரிசர்வேட்டிவ் இல்லாமலே மாசக்கணக்குல கெடாம இருக்கு. அதே சூடு வைட்டமின் பி1-ஐயும், அதாவது தயமின, நிறைய அழிச்சுடும், அத ஈடு கட்டத்தான் மேல சேக்குறாங்க. தயமின் பத்தலன்னா பூனை முதல்ல சாப்பாட்ட ஒதுக்கும், அப்புறம் தள்ளாடும், தலை நெஞ்ச பாத்து வளையும், வலிப்பு வரும். தயமின் குறைஞ்சதுக்காகவே கேன்கள திரும்ப வாங்கின கம்பெனிகளும் உண்டு.

டாரின் கதையும் தெரிஞ்சிருக்கணும். 1980-கள்ல நிறைய பூனைங்க இதயத் தசை தளந்து, பை மாதிரி விரிஞ்சு செத்துட்டு இருந்துச்சு. 1987-ல கலிபோர்னியா பல்கலைக்கழகம் டேவிஸ்ல பால் பியோன்ங்குற கால்நடை டாக்டரும் அவர் கூட வேலை செஞ்சவங்களும், ரத்தத்துல டாரின் குறைஞ்சதுதான் காரணம்னு கண்டுபிடிச்சு வெளியிட்டாங்க, அதுங்க சாப்பிட்டது கடைல விக்கிற சாதாரண பூனை உணவுதான். டாரின் குடுத்ததும் பல பூனைங்களுக்கு இதயம் பழைய மாதிரி திரும்புச்சு. பூனை உடம்பு தேவையான அளவு டாரின தானா செஞ்சுக்க முடியாது, சாப்பாட்டுல வந்தே ஆகணும். இங்க ஒரு ஆச்சரியம், ஆஃப்கோ அளவுல ட்ரை ஃபுட்டுக்கு 0.1 பர்சன்ட் டாரின் போதும், கேனுக்கு 0.2 வேணும், சரியா ரெண்டு மடங்கு. கேன்ல வேகுற விதத்தால அந்த சாப்பாடு குடலுக்கு போனதும் அங்க இருக்குற பாக்டீரியா டாரின அதிகமா சிதைச்சுடுது. நாய் ஃபுட்ட பூனைக்கு வைக்கக்கூடாதுன்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு பெரிய காரணம், நாய்க்கு இது கட்டாயம் இல்லன்னு போடாம விட்டிருப்பாங்க.

இதெல்லாம் நம்மளால ஒவ்வொண்ணா செக் பண்ண முடியாது, அதனாலதான் லேபிள்ல ஒரே ஒரு வரிய தேடச் சொல்றேன், என்னக் கேட்டா முழு பவுச்லயும் அதுதான் உசுரான வரி. பொடி எழுத்துல இருக்கும், மடிப்புல ஒளிஞ்சிருக்கும், டார்ச் அடிச்சாவது படிங்க. "கம்ப்ளீட்" இல்லன்னா "கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு"ன்னு இருந்தா அத மட்டுமே தினமும் குடுக்கலாம், தேவையான சத்து எல்லாம் இருக்குன்னு கம்பெனி உறுதி சொல்லுது. "காம்ப்ளிமென்ட்டரி"ன்னோ, "இன்டர்மிட்டென்ட் ஆர் சப்ளிமென்ட்டல் ஃபீடிங்"னோ இருந்தா அது சும்மா சேத்துக் குடுக்குறது, முழு சாப்பாடு இல்ல. ஐரோப்பாவுல ஃபெடியாஃப்ங்குற செல்லப்பிராணி உணவு தயாரிப்பாளர்கள் கூட்டமைப்போட அளவுப்படியும், அமெரிக்காவுல ஆஃப்கோ அளவுப்படியும் இத எழுதுவாங்க. ஆஃப்கோ எந்த உணவையும் டெஸ்ட் பண்றதும் இல்ல, சர்ட்டிஃபிகேட் குடுக்குறதும் இல்ல, அளவு நிர்ணயிக்கிறது மட்டும்தான், "ஆஃப்கோ அங்கீகாரம்"னு யாராச்சும் சொன்னா அது தப்பான பேச்சு.

அதே வரில யாருக்குன்னும் இருக்கும், குட்டிக்கா, வளந்ததுக்கா, எல்லா வயசுக்குமான்னு. பெரிய இன நாய்க்குட்டி, அதாவது வளந்தா 32 கிலோவுக்கு மேல போறது, அதுக்கு கால்சியம் அதிகமானா எலும்பே கோணலாயிடும், அதனால பெரிய இனத்துக்கும் ஏத்ததுன்னு தனியா எழுதிருக்கான்னு பாக்கணும். இன்னொண்ணு, ரெசிபி கணக்குல அளவு சரியா வருதுன்னு சொல்றது ஒரு வகை, நிஜ விலங்குகளுக்கு குடுத்து பாத்தோம்னு சொல்றது இன்னொரு வகை. வளந்த விலங்குக்கான ஆஃப்கோ ஃபீடிங் ட்ரையல் 8 விலங்க வச்சு 26 வாரம் நடக்கும். சின்ன டெஸ்ட்தான், ஆனா வயித்துக்குள்ள போய் ஒத்துக்குதாங்குறத பேப்பர் கணக்கு காட்டாது, இது கொஞ்சம் காட்டும்.

முன்பக்க பேருக்கும் கணக்கு உண்டு. அமெரிக்க விதிப்படி "சிக்கன் கேட் ஃபுட்"னு பேர் வச்சா தண்ணிய சேக்காம 95 பர்சன்ட் சிக்கன் இருக்கணும், "சிக்கன் டின்னர்"னா 25, "வித் சிக்கன்"னா வெறும் 3, "சிக்கன் ஃப்ளேவர்"னா வாசனை தெரியுற அளவு இருந்தா போதும். ஐரோப்பாவுல "வித் சிக்கன்"னா 4. ஒரு சின்ன "வித்" எவ்வளவு பெரிய வேலை செய்யுது பாருங்க. ப்ரீமியம், கோர்மே, ஹோலிஸ்டிக் இதுக்கெல்லாம் சட்டத்துல அர்த்தமே கிடையாது. க்ரெய்ன் ஃப்ரீன்னா தானியம் இல்லன்னுதான் அர்த்தம், கார்ப்ஸ் இல்லன்னு இல்ல, அந்த இடத்துல பட்டாணியோ உருளையோ வந்திருக்கும். 2018-ல அமெரிக்காவோட உணவு, மருந்து கண்காணிப்பு அமைப்பான எஃப்டிஏ, சில நாய்களோட இதய நோய்க்கும் பட்டாணி, பருப்பு வகை அதிகமா இருக்குற உணவுக்கும் தொடர்பு இருக்கான்னு விசாரிக்கிறதா அறிவிச்சாங்க, காரணம் இதுதான்னு நிரூபணம் ஆகல. ஆனா தானியம் ஒத்துக்கலன்னு உறுதியாகாத நாய்க்கு அத தேடிப்போய் வாங்குறதுல ஒரு லாபமும் இல்ல.

தரம் நல்லா இருந்தும் அளவுல கோட்டை விடுறவங்கதான் ரொம்ப அதிகம், திரும்பவும் தண்ணிதான் காரணம். கலோரி போடலன்னா ப்ரோட்டீனுக்கும் கார்ப்ஸுக்கும் கிராமுக்கு 3.5, ஃபேட்டுக்கு 8.5-ன்னு வச்சு நம்மளே போட்டுக்கலாம். தங்கச்சி பவுச்ல 100 கிராமுக்கு 9 ப்ரோட்டீன் 31.5, 3 ஃபேட் 25.5, 3 கார்ப்ஸ் 10.5, மொத்தம் 67.5 கலோரி. பவுச் 85 கிராம்தான், அதுல 57 வருது. கருத்தடை செஞ்ச, வீட்டுக்குள்ளயே இருக்குற 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 200-ல இருந்து 240 கலோரி வேணும், அப்போ இதே பவுச்ல நாலு வேணும். ஒண்ணு போதும்னு நினைச்சா பூனை பட்டினி. அதே மாதிரி ட்ரை ஃபுட்ட தட்டு நிறைய வச்சுட்டு மேல பவுச்சும் ஊத்துனா குண்டாகும், பவுச் குடுக்குற கலோரிக்கு ஏத்த மாதிரி ட்ரைய குறைக்கணும்.

பூனைக்கு வெட் ஃபுட்டால கிடைக்கிற பெரிய நன்மையும் அந்த தண்ணிதான். பாலைவனத்துல வாழ்ந்த இனத்துல இருந்து வந்தது, தாகம் எடுத்து ஓடி ஓடி குடிக்கிற சுபாவம் அதுக்கு இல்ல, சாப்பாட்டோட தண்ணி உள்ள போனா சிறுநீர் நீர்த்துப்போய் வெளிய வரும். சிறுநீர்ல கல்லு, அடைப்பு வந்த ஆண் பூனைய பாத்தவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

வயசான பூனை, கிட்னி டெஸ்ட்ல கொஞ்சம் ஏறுமுகமா இருக்குற பூனைன்னா பாஸ்பரஸ் எவ்வளவுன்னு கேக்கணும், லேபிள்ல பெரும்பாலும் இருக்காது. சோடியம் பாஸ்பேட், பொட்டாசியம் பாஸ்பேட் மாதிரி சேத்த உப்பா இருந்தா கறில இயல்பா இருக்குற பாஸ்பரஸ விட சுலபமா உடம்புக்குள்ள ஏறும். கம்பெனிக்கு மெயில் போடுங்க, 100 கலோரிக்கு பாஸ்பரஸ் எத்தன மில்லிகிராம், ரெசிபி எழுதுனது யாரு, அவங்க கால்நடை ஊட்டச்சத்து படிச்சவங்களா, எங்க தயாரிக்கிறீங்க, ஒவ்வொரு பேட்ச்சையும் டெஸ்ட் பண்றீங்களா. உலக அளவுல சிறு விலங்கு டாக்டர்களோட சங்கம் வ்ஸாவா, அவங்களும் வளக்குறவங்க இந்த மாதிரி கேள்வி கேக்கணும்னுதான் சொல்றாங்க. நம்பரோட பதில் வந்தா எனக்கு அந்த கம்பெனி மேல மரியாதை வந்துடும், "எங்க பொருள் உயர்தரமானது"ன்னு மட்டும் வந்தா வேற தேடுவேன்.

உப்பின கேன், சீல்ல கசியுற பவுச் கைக்கு வந்தா திறக்காமலே தூக்கிப் போடுங்க. திறந்தத மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சு ரெண்டு மூணு நாளுக்குள்ள முடிங்க, குடுக்கும்போது சுடுதண்ணில பவுச்ச கொஞ்ச நேரம் நிறுத்தி இளஞ்சூடாக்கினா வாசனை எழும்பும், சாப்பிடாத பூனையும் வரும். புது உணவுக்கு ஒரு வாரம் எடுத்து பழசுல கொஞ்சம் கொஞ்சமா கலந்து மாத்துங்க. பசிச்சா தானா சாப்பிடும்னு பூனைய மட்டும் பட்டினி போட்டு பழக்காதீங்க, ரெண்டு மூணு நாள் சாப்பிடாம இருந்தாலே, அதுவும் குண்டு பூனைன்னா, ஈரல்ல கொழுப்பு படிஞ்சு உசுருக்கே ஆபத்தாயிடும்.

தங்கச்சிகிட்ட போன்லயே இந்த கணக்கெல்லாம் போட வச்சேன், 50 வந்ததும் "அப்பாடா"ன்னு பெருமூச்சு விட்டா. அப்புறம் பவுச்ச திருப்பி மடிப்ப விரிச்சு அந்த பொடி வரிய படிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "அக்கா, காம்ப்ளிமென்ட்டரின்னு போட்டிருக்கு." லிஸ்ட்ட படிக்கச் சொன்னா டூனா, ப்ராத், மரவள்ளி ஸ்டார்ச், கோந்து, அவ்வளவுதான், டாரின் இல்ல, ஒரு வைட்டமின் பேர் இல்ல. சுத்தமா அழகா இருக்குற சின்ன லிஸ்ட், ஆனா வளர்ற குட்டிக்கு அது மட்டும் போதாது. நல்ல வேளையா காலைலயும் மத்தியானமும் குட்டிகளுக்கான ட்ரை ஃபுட் வச்சுட்டு இருந்தா, அதுல கம்ப்ளீட்னு இருந்துச்சு. மிச்சம் ஏழு பவுச் இருக்கு, அத வீணாக்க வேணாம், ஒரு நாள் கலோரில பத்துல ஒரு பங்குக்கு மேல போகாம ஸ்பூன் கணக்குல குடுன்னு சொல்லிருக்கேன். ராத்திரி சாப்பாட்டுக்கு குட்டிகளுக்கான கம்ப்ளீட் பேட்டே ஒண்ண நேத்து வாங்கி போட்டோ அனுப்பினா, இந்த தடவ முன்பக்கத்த எடுக்கவே இல்ல, நேரா மடிப்ப விரிச்சு அந்த வரிய மட்டும் எடுத்து அனுப்பிருந்தா.